தம்பியின் நினைவு மலரில் வருத்தத்தின் பெயரைப் போடலாமா?

கேள்வி இதுதான்: "களுவாஞ்சிக்குடிப் பக்கம் இருக்கும் என் சின்னம்மாவின் மகன், 22 வயது, மூன்று கிழமைக்கு முன் நித்திரையிலேயே காலமாகிவிட்டான். டுஷேன் தசைச் சிதைவு என்ற வருத்தம். ஊர் முழுக்க அவனைச் சிரித்த முகம் என்றுதான் சொல்லும். இரவில் பக்கம் திருப்பிவிடச் சொல்லும்போதுகூட 'அம்மா, சனல் மாத்துங்க' என்பான். கழகத்து மெட்ச்சுகளுக்கு அவன்தான் ஸ்கோர் எழுதுவான். சாதாரண தரம் வரை படித்தான், உயர்தர வகுப்பு மாடியில் என்பதால் நின்றுவிட்டான். 31ஆம் நாளுக்கு மலர் அடிக்கிறோம், எழுதும் பொறுப்பு எனக்கு. வருத்தத்தின் பெயர் வேண்டாம், அவன் தங்கச்சிக்குக் கலியாணம் பேசவேண்டும் என்கிறார் சித்தப்பா. சின்னம்மா மச்சானையே கட்டினதால் வந்த வினை என்று சனம் கதைக்குது. அன்று இரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் இருந்திருப்பானா? அம்மம்மாவின் தம்பி ஒருவரும் சின்ன வயதில் நடக்க ஏலாமல் போய் இறந்தவராம்."

தங்கச்சி, பெயரைப் போடலாம். சின்னம்மா ஓம் என்றால் கட்டாயம் போடவேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் நீங்கள் கேட்டதில் பெரிய விஷயம் கடைசியாகப் போகிற போக்கில் எழுதிவிட்ட அந்த வரி, அம்மம்மாவின் தம்பி. மலரை விட அதுதான் அவசரம். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றி வரவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கிழக்கு மாகாணத்து வைத்தியசாலைகளில் பிசியோவாக வேலை செய்து ஓய்வெடுத்தவன். இந்த வருத்தம் உள்ள பொடியன்கள் நரம்பியல் கிளினிக்கில் டொக்டரைக் கண்டுவிட்டு என் அறைக்கு வருவார்கள். இறுகிப்போன கணுக்காலை மடக்கிப் பிடித்து நான் முப்பது வரை எண்ணும் நேரத்தில் அவர்கள் சொன்ன பகிடிகளில் பாதியை இங்கே எழுத ஏலாது.

முதலில் வருத்தம். தசை சுருங்கி விரியும்போது கிழியாமல் காப்பது டிஸ்ட்ரோபின் என்ற புரதம். அதற்கான மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. மனித மரபணுக்களில் மிக நீளமானவற்றில் இதுவும் ஒன்று, 79 எக்ஸோன்கள், அதாவது புரதத்துக்கான குறிப்பு உள்ள துண்டுகள். நீளம் கூடினால் பிழை வர இடமும் கூடும். பிழையானால் அந்தப் புரதம் இல்லை. தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்து, அந்த இடத்தைக் கொழுப்பும் நாரும் பிடித்துக்கொள்ளும். டுஷேன் என்ற பிரெஞ்சு நரம்பியல் வைத்தியர் 1860களில் இதை விரிவாக எழுதினார், அவர் பெயரே நின்றுவிட்டது. மரபணுவை அடையாளம் கண்டது 1986, 87 காலத்தில். பிறக்கும் ஆண்பிள்ளைகளில் 3,500 முதல் 5,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் எல்லா நாட்டிலும் எல்லா இனத்திலும் வருகிறது. செய்வினையும் இல்லை, கண்ணூறும் இல்லை.

உங்கள் வீட்டிலும் இந்த வரிசையில்தான் நடந்திருக்கும். மூன்று நாலு வயதில் அடிக்கடி விழுவான். நிலத்திலிருந்து எழும்ப முதலில் முழங்காலில் கை, பிறகு தொடையில் கை என்று ஊன்றி ஊன்றித்தான் நிமிர்வான். கெண்டைக்கால் உருண்டு திரண்டு இருக்கும், பந்தடிக்கிற கால் என்று வீட்டார் சந்தோஷப்படுவார்கள். எதற்கோ இரத்தம் சோதித்தால் எஸ்.ஜி.பி.டி. என்ற நொதி கூடியிருக்கும். ஈரல் வருத்தம் என்று நினைத்து மாதக்கணக்கில் அந்தப் பக்கம் அலைந்த தாய்மாரை எனக்குத் தெரியும். அந்த நொதி தசையிலிருந்தும் வரும் என்று யாராவது யோசித்து சி.பி.கே. என்ற தசை நொதியை எடுத்துப் பார்க்கும் நாளில்தான் கதை வெளிக்கும். பத்துப் பன்னிரண்டு வயதில் நடை நிற்கும், பிறகு முதுகு வளையும், பிறகு மூச்சும் இதயமும். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து நடையை இரண்டு மூன்று வருடம் நீட்டித் தரும், வருத்தத்தை நீக்காது. மூச்சுக்கு இயந்திர உதவி இல்லாத காலத்தில் இருபதைத் தாண்டியவர்கள் குறைவு.

சரி, மச்சானைக் கட்டின கதைக்கு வருவோம். அது பிழை. ஆண்பிள்ளைக்கு எக்ஸ் வருவது தாயிடமிருந்து மட்டும். தகப்பன் கொடுப்பது வை நிறமூர்த்தம். இந்த வருத்தத்தைப் பொறுத்தவரை சித்தப்பா சொந்த மச்சானாக இருந்தாலும் ஒன்றுதான், கடல் தாண்டி வந்த மாப்பிள்ளையாக இருந்தாலும் ஒன்றுதான். சொந்தத்துக்குள் கட்டுவதால் கூடுகிற வருத்தங்கள் இருக்கின்றன, தலசீமியா அப்படி, அதற்கு இரண்டு பக்கமும் பிழை இருக்கவேண்டும். டுஷேன் அந்த வகை இல்லை.

ஆனால் இதைச் சொன்னவுடன் "அப்ப தாயாலதான் வந்தது" என்று அதே சனம் திருப்பிக் கதைக்கும். அதனால் இதையும் தெரிந்து வைத்திருங்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பொடியனுக்கு இது புதிதாக வந்த பிழை, தாயிடமும் இருக்காது. தாயிடம் இருந்தாலும் அவவுக்குத் தெரிய வழியில்லை, அவவின் மற்ற எக்ஸ் பெரும்பாலும் அதைச் சமாளித்துவிடும்.

தாயிடமிருந்து வந்திருந்தால், மட்டக்களப்பில் குடி, அதாவது தாய்வழிக் குலம், போகிற வழியிலேயே இதுவும் போகும். தாயின் குடிதான் பிள்ளையின் குடி. மகள் அதை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பாள், மகன் கொடுப்பதில்லை. மாகாணம் முழுக்கக் கிளினிக்குகளில் பரம்பரை வரைபடம் எழுதப் பாடுபட்ட எனக்கு இது எவ்வளவு உதவி என்று தெரியும். கோயில் திருவிழாவில் குடி வரிசை பேசத் தெரிந்த ஒரு பெரியவர் உங்கள் சொந்தத்திலும் இருப்பார், பெண்வழியில் நாலு தலைமுறை அவர் வாயிலேயே இருக்கும். ஒரு கொப்பியோடு போய் இருங்கள். எந்தப் பெண்ணுக்கு எத்தனை ஆண்பிள்ளை, யார் இளவயதில் போனது, எப்படிப் போனது என்று கேட்டு எழுதுங்கள்.

அம்மம்மாவின் தம்பியைப் பற்றித் துருவிக் கேளுங்கள். அந்தக் காலத்தில் போலியோவும் இருந்தது. காய்ச்சல் வந்து, கொஞ்ச நாளிலேயே ஒரு கால் சூம்பிப் போனது என்று சொன்னால் அது போலியோவாக இருக்கலாம், பயம் குறையும். நடந்து திரிந்த பிள்ளை வருடத்துக்கு வருடம் தளர்ந்து, பத்துப் பன்னிரண்டில் நடக்க ஏலாமல் இருந்துவிட்டது, இருபதுக்குள் போய்விட்டது என்றால் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். அப்படியானால் அம்மம்மாவும் சின்னம்மாவும் காவிகள், அதாவது பிழையான மரபணுவைச் சுமந்து பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடியவர்கள், என்பது ஏறக்குறைய உறுதி. தம்பியின் தங்கச்சி காவியாக இருக்க வாய்ப்புப் பாதிக்குப் பாதி. உங்கள் அம்மா சின்னம்மாவின் கூடப்பிறந்தவ என்பதால் அவவுக்கும் பாதி. உங்களுக்கு நாலில் ஒன்று. சித்தப்பா தன் மகளை மட்டும் யோசிக்கிறார், கணக்கில் நீங்களும் இருக்கிறீர்கள் தங்கச்சி.

காவிப் பெண்கள் பெரும்பாலும் சுகமாகவே இருப்பார்கள். அவர்களின் ஒவ்வொரு மகனுக்கும் வருத்தம் வரப் பாதி வாய்ப்பு, ஒவ்வொரு மகளும் காவியாகப் பாதி வாய்ப்பு. கூடவே, பலருக்குத் தெரியாத இன்னொன்று: சில காவிகளுக்கு வயது போகப் போக இதயத் தசை தளரும். களைப்பு என்று சொல்லிக்கொண்டு திரியும் சின்னம்மாவுக்கு ஒரு எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்துப் பாருங்கள். அது சரியாக இருந்தால் பிறகு மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை போதும். மகனைப் பார்த்தே காலம் போனதில் அவ தன்னைக் காட்டியிருக்க மாட்டா.

காவியா இல்லையா என்று சி.பி.கே.யை மட்டும் நம்பிச் சொல்ல ஏலாது, காவிகள் பலருக்கு அது சாதாரணமாகவே இருக்கும். மரபணுச் சோதனை வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியல் அலகு இருக்கிறது. நரம்பியல் கிளினிக் டொக்டரிடம் கேட்டால் கடிதம் தந்து வழி சொல்லுவார். தம்பியின் பிழை எந்த இடத்தில் என்று தெரிந்தால் மற்றவர்களைச் சோதிப்பது சுலபம், அந்த ஒரு இடத்தைப் பார்த்தால் போதும். அதனால்தான் கேட்கிறேன்: அவன் கிளினிக் ஃபைல் எங்கே? செத்த வீட்டில் பாய், தலையணை, மருந்து எல்லாம் ஒதுக்குகிற வேகத்தில் ஃபைலும் போய்விடும். இன்றைக்கே தேடி எடுங்கள். எக்ஸோன் இத்தனை முதல் இத்தனை வரை இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு தாள் உள்ளே இருந்தால் படம் பிடித்து மூன்று பேரின் போனில் வையுங்கள். சோதனையே செய்யவில்லை என்றால் சின்னம்மாவிலிருந்து தொடங்கவேண்டும்.

இது பிள்ளை வயிற்றில் தங்குவதற்கு முன்பு தெரிய வேண்டிய விஷயம். இலங்கைச் சட்டத்தில் தாயின் உயிரைக் காப்பாற்றத் தவிர வேறு காரணத்துக்குக் கருக்கலைப்பு இல்லை. பிந்தித் தெரிந்தால் செய்ய அதிகம் இல்லை, முந்தித் தெரிந்தால் யோசிக்கவாவது இடம் இருக்கும். மறைத்துக் கட்டிக் கொடுத்த வீடுகளை நான் கண்டிருக்கிறேன். நாலு வயதில் பேரன் விழத் தொடங்கும்போது மாமியார் கேட்கிற முதல் கேள்வி "உங்கட வீட்டில இப்படி ஆரும் இருந்தவையா?" என்பதுதான். அந்த நேரம் தலையைக் குனிந்து நிற்கப்போவது சித்தப்பா இல்லை, அவர் மகள். சோதித்துப் பார்த்தால் பாதி வாய்ப்பு, ஒன்றுமில்லை என்றே வரும். அதோடு கதை முடிந்தது. இருக்கிறது என்று வந்தால் அது அந்தப் பிள்ளையின் விஷயம். பேசி முடிக்கிற மாப்பிள்ளையிடம் அவளே சொல்லட்டும், ஊருக்குச் சொல்ல ஒரு தேவையும் இல்லை. மலரில் காவி, பரம்பரை என்று ஒரு சொல்லும் வரவேண்டாம். அவன் வருத்தத்தின் பெயர் மட்டும் வரட்டும்.

அன்று இரவைப் பற்றி. இந்த வருத்தத்தில் 22 வயதில் நித்திரையில் போகிறது இரண்டு வழியில். மூச்சுத் தசை தளர்ந்து, இரவில் ஆழமாக மூச்சு வாங்காமல் காபனீரொட்சைட்டு ஏறியிருக்கும்; அல்லது தளர்ந்த இதயம் துடிப்புத் தவறி நின்றிருக்கும். கடைசி மாதங்களில் காலையில் தலையிடி, பகலில் தூக்கம், கெட்ட கனவு, சாப்பாடு குறைவு என்று இருந்திருந்தால் மூச்சுப் பக்கம் யோசிக்கலாம். இரண்டும் வருடக்கணக்காக வந்துகொண்டிருந்தவை. அந்த ஒரு இரவில் ஒரு மணித்தியாலம் முந்தி ஓட்டோ பிடித்ததால் மாறியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சின்னம்மா இரவில் ஐந்தாறு தரம் எழும்பிப் பக்கம் திருப்பிவிட்டிருப்பா. முதுகில் புண் வராமல் 22 வயது வரை அவன் வந்ததற்கு அந்தக் கைதான் காரணம். அவவிடம் இதை நேரே சொல்லுங்கள். டொக்டர் சொன்னதாகச் சொன்னால்தான் நம்புவா என்றால் அப்படியே சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்போது மலர். "எந்நேரமும் புன்னகை பூத்த முகம்" என்று எழுதாதீர்கள். அச்சகத்தில் அந்த வரி ஏற்கெனவே அடித்து வைத்திருப்பார்கள், யார் செத்தாலும் அதுதான். இந்தப் பொடியன்களின் சிரிப்பைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. அது வருத்தத்தோடு கூட வந்த குணம் இல்லை. டிஸ்ட்ரோபின் மூளையிலும் வேலை செய்கிறது. அதனால் இவர்களில் ஒரு பகுதியினருக்கு வாசிப்பு சிரமம், கவனம் சிதறும், சிலருக்குப் பதட்டமும் கோபமும் கூட. சிரிக்கிறவன் தெரிந்தேதான் சிரிக்கிறான்.

மண்டூர்ப் பக்கத்துப் பொடியன் ஒருவன் இருந்தான். கிளினிக்குக்கு வர, வாவியைக் கடந்து குருமண்வெளிக்குப் போகும் பாதையில், அதாவது மிதவையில், ஏறவேண்டும். ஆளும் மோட்டார் சைக்கிளும் நெல்லு மூட்டையும் ஒன்றாக ஏறுகிற இரும்புத் தட்டு அது. சக்கர நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்து இரண்டு பேர் தூக்கி வைத்தால்தான் உண்டு. ஒரு நாள் நானும் அதே பாதையில். தூக்க வந்தவர்களில் ஒருவர் வயதானவர், முகம் முழுக்கப் பரிதாபம், கண் கலங்கியும் விட்டது. பொடியன் அவரைப் பார்த்து, "மாமா, மெல்லமா வைங்க, மடியில முட்டை இருக்கு" என்றான். கிழவர் திடுக்கிட்டுக் குனிந்து அவன் மடியைத் தேடினார். பாதை முழுக்கச் சிரிப்பு. வாவியைக் கடந்து இறக்கும்போது அந்த முகத்தில் பரிதாபம் ஒரு சொட்டும் இல்லை. "இறங்குடா முட்டை" என்று அதட்டினார். பொடியனுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். தன்னைத் தூக்குகிறவனின் கூச்சத்தை முதலில் இறக்கி வைக்கவேண்டும், இல்லாவிட்டால் கை நடுங்கி ஆளையே போட்டுவிடுவான்.

அவனிடமே பிறகு கேட்டேன், வீட்டிலும் இப்படித்தானா என்று. "வீட்ட சிரிக்கிற இல்ல சேர். நான் சிரிச்சா அம்மா அழுறா" என்றான்.

உங்கள் தம்பி வீட்டில், நடுச்சாமத்தில், தாயிடமே "சனல் மாத்துங்க" என்று சொன்னவன். ஒரு பக்கமாகவே கிடந்து இடுப்பு எரியும்போது வருகிற சொல் அது. நித்திரை முறிந்து எழும்பி வருகிற தாய்க்கு அவனால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான். அதை அப்படியே எழுதுங்கள், விளக்கம் வேண்டாம். அவன் கோபித்த நாளையும் ஒன்று எழுதுங்கள், இருந்திருக்கும். ஸ்கோர் புத்தகத்தையும் விடவேண்டாம். இந்த வருத்தத்தில் தோளும் முழங்கையும் போன பிறகும் விரல் கொஞ்சக் காலம் நிற்கும். சோற்றை வாய் வரைக்கும் தூக்க ஏலாதவன் மடியில் பலகை வைத்து ஓவர் ஓவராக எழுதியது அதனால்தான். அந்த மணல் ஒழுங்கையில் நாற்காலியை முன்னுக்குத் தள்ளினால் சின்னச் சில்லு புதையும், பின்னுக்குத் திருப்பி இழுத்தால்தான் போகும். மைதானம் வரை இழுத்த பொடியன்களின் பெயர்களைக் கேட்டுப் போடுங்கள்.

படிப்பு விஷயத்தில் "உடல்நிலை காரணமாகக் கல்வியை இடைநிறுத்தினார்" என்று யாராவது எழுதித் தருவார்கள், வாங்காதீர்கள். உடல்நிலை இல்லை, மாடிப்படி. அங்கவீனத்தைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, பொதுக் கட்டிடங்களுக்கான அணுகல் விதிகள் 2006இல் வந்துவிட்டன. ஒரு வகுப்பைக் கீழே இறக்குவது அவ்வளவு பெரிய வேலை இல்லை. பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம், சண்டை வேண்டாம். மாடி என்ற சொல் மட்டும் இருக்கட்டும், வாசிக்கிற அதிபருக்கு விளங்கும்.

நானாக இருந்தால் இப்படித் தொடங்குவேன், பிடித்தால் எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்:

"எங்கள் தம்பிக்கு டுஷேன் தசைச் சிதைவு. பிறப்பிலேயே வந்தது, யாருடைய குற்றமும் இல்லை. பதினொரு வயது வரை நடந்தான், அதன் பிறகு நாங்கள் தூக்கினோம். தூக்கத் தெரியாதவர்களுக்கு அவனே சொல்லிக் கொடுத்தான், பிழையாகத் தூக்கினால் ஏசினான். சாதாரண தரம் சித்தியடைந்தான், உயர்தர வகுப்பு மாடியில் இருந்தது. கழகத்துக்கு ஸ்கோர் எழுதினான். நோபோல் சண்டையில் அவன் பென்சில்தான் கடைசித் தீர்ப்பு. இரவில் அம்மாவை எழுப்பி, 'சனல் மாத்துங்க' என்பான்."

வயதும் மற்றதும் உங்கள் வீட்டுக் கணக்குப்படி திருத்துங்கள். இதைச் சித்தப்பாவிடம் நீட்ட முதல் சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவ வேண்டாம் என்றால் வேண்டாம்தான், பெயரில்லாமலே அடியுங்கள். சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மீதி மருந்தை அயலில் யாருக்கும் கொடுக்கவேண்டாம், பிரெட்னிசலோன் விளையாட்டு மருந்து இல்லை. கிளினிக்கிலேயே திருப்பிக் கொடுங்கள். நாற்காலியை நினைவாக வீட்டில் வைக்கச் சின்னம்மா ஆசைப்பட்டால் வைக்கட்டும். கொடுப்பதென்றால் பிசியோ பிரிவில் அளவைச் சொல்லிக் கொடுங்கள். இருக்கை அகலம் பொருந்தாத நாற்காலி வளைகிற முதுகை இன்னும் வளைக்கும். 31 முடிந்த கிழமையே ஃபைலை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். சின்னம்மா, அவ மகள், உங்கள் அம்மா, நீங்கள். நெருக்கிக்கொண்டு இருந்தால் ஒரு ஓட்டோ போதும்.